திருப்பிப் போட்ட பலகைகள்

லாரி வந்த அன்று மங்களத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சிங்கப்பூரின் செம்பவாங்கில், கடற்படைத் தளத்து வேலியைத் தாண்டி இருந்த கம்பத்துக் குடியிருப்பில் தகரக்கூரை போட்ட பலகை வீடு அவர்களுடையது. புருஷன் பெண்டாட்டி இருவர்தான். 1957-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலி கட்டி இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய ரம்புத்தான் மரத்தடியில் அதை விட்டுவிட்டுப் போனார்கள். உலகச் சண்டைக்கு முந்தின காலத்துப் பெட்போர்டு லாரி. முன்பக்கக் கண்ணாடி ஒன்று இல்லை. மட்கார்டு துருப்பிடித்து, விரலால் குத்தினால் உள்ளே போனது. இதையெல்லாம் மங்களம் பிறகுதான் கவனித்தாள். அவளுக்கு முதலில் வந்து சேர்ந்தது வாடை. புளித்த கழுநீரும், அழுகிய ஏதோ ஒன்றும், அதற்கு மேல் பெட்ரோலும் கலந்த வாடை. சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் வந்தது.

“என்னங்க இது, இப்படி நாறுது?”

“பழைய லாரின்னா பூவாட்டம் மணக்குமா?” என்று சொல்லிவிட்டு மருதப்பன் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான்.

டிரைவர் சீட்டைப் பிடுங்கி எடுத்தான். அடியில் தேங்காய் நார் மக்கிக் கிடந்தது. அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத ஏழெட்டுக் குட்டிகள், சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. மருதப்பன் வெறுங்கையால் அள்ளி வேலிக்கு அப்பால் வீசினான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரிச் சோற்றைத் தட்டோடு மூடி வைத்துவிட்டாள்.

மருதப்பன் கடற்படைத் தளத்துப் பட்டறையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். வேலையில் கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பழைய லாரி ஒன்றை மலிவாக வாங்கி வீட்டிலேயே வைத்துப் புதுசுபோல ஆக்கி விற்க வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை. வாங்குவதற்கும் ஆள் தயாராக இருந்தார். டன்லப் தெருவில் அரிசி, மளிகைக் கடை வைத்திருந்த சேக் தாவூது. மங்களம் மாதாமாதம் பஸ் ஏறிப்போய்ச் சாமான் வாங்குவது அவர் கடையில்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. வெயிலில் வந்தவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் மனைவி ஜைனப் நன்னாரி சர்பத் கொடுப்பாள். மூட்டை ஏற்ற வாடகை லாரிக்காரர்கள் பின்னால் அலைந்து அலுத்துப்போனவர் சேக் தாவூது. “நீ செஞ்சு கொடு மருதப்பா, நான் எடுத்துக்கிறேன். உன் கை பட்ட வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்று சொல்லியிருந்தார். விலையும் பேசி முடிந்திருந்தது.

தளத்தில் சங்கு ஊதியதும் மருதப்பன் நேரே வீட்டுக்கு வந்துவிடுவான். எஞ்சினை இறக்கி, மரப்பெட்டிமேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினான். பிஸ்டன் ரிங் மாற்றினான். வால்வுகளை மாவரைப்பதுபோல உட்கார்ந்து தேய்த்தான். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் பிரேக் டிரம்முக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தான். ஒரு கடைக்காரன் கொடுத்த டிரம்மைச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, “உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கு, வேணாம்” என்று திருப்பிக் கொடுத்ததை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னான். “பிரேக்குல பொய் சொன்னா ஆளு செத்துப்போவான் மங்களம்” என்றான். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சேக் தாவூது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்து பார்ப்பார். கூட டிரைவர் யாக்கூபும் வருவான். லாரியின் பக்கப்பலகையில் கையை ஊன்றிக்கொண்டு பேசுவார். வரும்போதெல்லாம் ஜைனப் கொடுத்தனுப்பியதாக ஒரு தூக்குச்சட்டி இருக்கும். நெய்ச்சோறோ, இடியப்பமோ, இறைச்சி ஆணமோ. மருதப்பன் ரசித்துச் சாப்பிடுவான்.

ஏப்ரலில் எஞ்சின் ஓடியது. நீலப்புகை நின்று, சீரான சத்தம் வந்தது. மிச்சம் இருந்தது பாரம் ஏற்றும் தளமும் பெயிண்டும்தான்.

“தளத்துப் பலகையில ஒட்டியிருக்கிறதை நீ சுரண்டிப்போடு. நான் வந்து பெயிண்டு அடிக்கிறேன்” என்று ஓர் இரும்புப் பட்டையை மங்களத்திடம் கொடுத்துவிட்டு அவன் வேலைக்குப் போனான்.

முந்தின நாள் நல்ல மழை. தளத்தின்மேல் போட்டிருந்த கித்தான் பறந்துபோய், பலகைகள் ஊறியிருந்தன. இத்தனை நாள் காய்ந்து தோல்போல ஒட்டிக்கிடந்தது இப்போது களியாக உப்பியிருந்தது. மங்களம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிபோட்டுச் சுரண்டினாள். பட்டையின் முனையில் கறுப்பும் மஞ்சளுமாகச் சுருண்டு வந்தது. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டாள். பலகைச் சந்துகளில் அடைத்துக் கிடந்ததை விரல் விட்டுத்தான் நோண்ட வேண்டியிருந்தது. நோண்டும்போது வெள்ளை வெள்ளையாக முடி வந்தது. தும்பு மாதிரி விறைப்பான முடி. பழைய பிரஷ் ஏதாவது உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆ செங் அந்த வழியாக வந்தார். நாலு வீடு தள்ளிப் பன்றியும் கோழியும் வளர்க்கிற கிழவர். தோளில் காவடிக் கட்டையில் கழுநீர் வாளிகள். நின்று லாரியைப் பார்த்தார். பக்கவாட்டு இரும்பு வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

“இனி லோரி பாபி பூன்யா லா!” என்றார். கம்பத்தில் எல்லோரும் பேசுகிற கடைத்தெரு மலாய்தான், மங்களத்துக்குப் புரிந்தது. இது பன்றி லாரி. அவர் பன்றிகளும் இதில்தான் அறுப்புக்கூடத்துக்குப் போயினவாம். எட்டு வருஷம், பத்து வருஷம். வளையத்தில்தான் கூடைகளைக் கட்டுவார்களாம். சொல்லிவிட்டு வாளிகள் ஆட நடந்துபோனார்.

மங்களம் தன் கைகளைப் பார்த்தாள். பத்து நகத்துக்குள்ளும் கறுப்பாக இருந்தது. கிணற்றடிக்கு ஓடிப்போய், அடிவயிற்றிலிருந்து வாந்தி எடுத்தாள். ஆ செங்கின் தொழுவம் காற்றடிக்கும் திசையில்தான் இருந்தது. பன்றி வாடை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கம். இது நகத்துக்குள்.

சாயங்காலம் மருதப்பன் வந்ததும் சொன்னாள்.

“தெரியும்” என்றான் அவன்.

“தெரியுமா?”

“தெரியாமலா வாங்குவேன்? அதனாலதானே மலிவா கொடுத்தான்.”

“பாய்க்குத் தெரியுமா?”

மருதப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னா எடுப்பாரா?”

“அரிசி ஏத்தப் போறாருங்க. கந்தூரி விருந்துக்கு அரிசியெல்லாம் இனிமே நம்ம வண்டிலதான் போகும்னு போன தடவை சொன்னாரே.”

“மூட்டையிலதானே இருக்கும் அரிசி? தெரிஞ்சு செஞ்சாத்தான் தப்பு. அவருக்குத் தெரியாது. அப்புறம் என்ன தப்பு?”

“உங்களுக்குத் தெரியுமே.”

“ஏய், நீ வாயை மூடிக்கிட்டு இரு. மூணு மாசமா நாயா உழைச்சிருக்கேன்.”

“பலகையையாவது மாத்திடுங்க.”

“நல்ல வைரமான பலகை. இதுமாதிரி இப்போ கிடைக்காது” என்றான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. நல்ல யோசனை ஒன்று தோன்றும்போது அவனுக்கு வருகிற அந்தத் தெளிவு மங்களத்துக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போல்ட்டுகளைக் கழற்றினான். பலகைகளைத் திருப்பிப் போடப்போவதாகச் சொன்னான். அடிப்பக்கம் மேலே வந்தால் மழமழவென்று இருக்கும், சுரண்டவும் வேண்டாம். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், நல்ல கனம். “அந்தப் பக்கம் பிடி” என்றான். மங்களம் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக அவன் பிடி என்றால் பிடித்திருக்கிறாள். அன்றைக்கும் பிடித்தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு பலகையாகப் புரட்டினார்கள். சுத்தமான பக்கம் வானத்தைப் பார்த்தது. மற்றது, பொருக்கும் முடியுமாக, தரையைப் பார்த்தது. போல்ட்டை முடுக்கி, இடுக்குகளில் தார் ஊற்றி, மேலே சாம்பல் நிறப் பெயிண்டு இரண்டு கோட்டிங் அடித்தான். தள்ளி நின்று பார்த்து, “எவனாவது கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்” என்றான்.

அடுத்த வாரம் சேக் தாவூது வந்தபோது தளம் பளபளத்தது. கையால் தடவிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ், புதுப்பலகை மாதிரியே இருக்கே.”

“உழைப்பு பாய், உழைப்பு” என்றான் மருதப்பன்.

அன்று தூக்குச்சட்டியில் ஆட்டுக்கறி போட்ட நெய்ச்சோறு இருந்தது. “தங்கச்சி மெலிஞ்சு போயிருக்கு, பார்த்துக் கொடுக்கச் சொன்னா ஜைனப்” என்றார் சேக் தாவூது. மங்களம் இலையில் போட்டுக்கொண்டாள். ஒரு வாய் வைத்தாள். நெய்யின் மணத்துக்குள் அந்த வாடை இருப்பதுபோல் தோன்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே மருதப்பன் விரல்களை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தாடை அசைவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. அவனைப் பார்த்து அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

வண்டியை ஒப்படைக்கிற நாள் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பச்சை உடம்பு, மஞ்சள் கோடு, கதவில் கடையின் பெயர். சேக் தாவூது வெள்ளைச் சட்டை போட்டு, யாக்கூபைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். யாக்கூபுக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவன். வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய ரோடு வரை ஓட்டிப்பார்த்துத் திரும்பினான். “பிரேக்கு கத்தி மாதிரி நிக்குது முதலாளி” என்றான். பேப்பர்களைப் பார்த்து, தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது.

“அஸர் தொழுகை வக்து ஆயிடுச்சே” என்றான் யாக்கூப். கிணற்றடியில் உட்கார்ந்து கை, கால், முகம் கழுவி ஒளு செய்தான். மழை விட்டு வாசலெல்லாம் சேறாக இருந்தது. எங்கே தொழுவது என்று சுற்றிப் பார்த்தவன், “வண்டி மேலயே தொழுதுடுறேன். சுத்தமா இருக்கு” என்று சொல்லி, பின்கதவைப் பிடித்துத் தளத்தில் ஏறினான். ஈரக்கால்கள் சாம்பல் நிறப் பலகையில் தடம் பதித்தன. தோளில் கிடந்த துண்டை உதறி விரிக்கக் குனிந்தான்.

“வேணாம்! அங்க வேணாம் தம்பி, எறங்குங்க!”

கத்தியது தானா என்று மங்களத்துக்கே ஒரு கணம் தெரியவில்லை. யாக்கூப் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தான்.

“ஏன்மா? என்ன?” என்றார் சேக் தாவூது.

“அது பன்னி ஏத்துன லாரி பாய்.”

“என்னடி ஒளர்றே?” மருதப்பன் பாய்ந்து வந்தான். “பாய், அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல…”

“குனிஞ்சு அடியில பாருங்க பாய். பலகையைத் திருப்பிப் போட்டிருக்கு.”

சேக் தாவூது வெள்ளைச் சட்டையோடு சேற்றில் ஒரு முட்டியை ஊன்றி, லாரிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. எழுந்தபோது வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பக்கப்பலகையில் ஊன்றிய கை. யாக்கூப் அதற்குள் குதித்து இறங்கிவிட்டான். துண்டைச் சுருட்டி வேலியோரம் எறிந்தான்.

“தண்ணி” என்றார் சேக் தாவூது.

மங்களம் வாளியோடு ஓடினாள். அவர் குனிந்து கிணற்றடி மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தார். அவள் ஊற்ற, அவர் கழுவினார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவினார். பிறகு நிமிர்ந்து மருதப்பனைப் பார்த்தார்.

“என் வீட்டுச் சோத்தைத் தின்ன கையாலயா மருதப்பா இதைத் திருப்பிப் போட்டே?”

மருதப்பன் தரையைப் பார்த்தான்.

“நானும்தான் பிடிச்சேன் பாய்” என்றாள் மங்களம்.

“தெரியும்மா. அதை ஒரு ஆளு தனியா திருப்ப முடியாது.”

அவ்வளவுதான் சொன்னார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அன்றும் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டி படியிலேயே கிடந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் மருதப்பன் பெயிண்டு டப்பாவை உதைத்தான். வாய்க்கு வந்தபடி திட்டினான். தன் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவள் என்றான். கட்டின புருஷனை ஊரான் முன்னால் காட்டிக்கொடுத்தவள் என்றான். பிறகு பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் மூன்று வேளையும் அவள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டான். ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினான். மங்களம் ஊற்றினாள். அவன் பாயில் படுத்தால் அவள் சமையல்கட்டில் படுத்தாள்.

தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். திரும்பத் தேய்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் யாக்கூப் மட்டும் வந்தான். வாசலுக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றே சொன்னான்.

“வாடகை லாரிக்காரங்க ரெண்டு பேரும் கைவிட்டுட்டாங்க. சரக்கு கிடங்குல கிடக்குது. முதலாளி வண்டியை எடுத்துக்கிறேன்னு சொன்னாரு. ஆனா ஒரு பலகை பாக்கி இல்லாம மாத்தணும். எங்க மார்க்க முறைப்படி இரும்பு முழுக்க ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும். அதுல ஒண்ணு மண்ணு கரைச்ச தண்ணி. நான் நின்னு பார்க்கணும்னு சொல்லியிருக்காரு.”

“செஞ்சுடலாம் தம்பி, செஞ்சுடலாம்” என்றான் மருதப்பன். அவ்வளவு பணிவான குரலை மங்களம் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்கக் கூசியது.

பலகைகளைக் கழற்றினான். மங்களத்தைப் பிடிக்கச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. அடிப்பக்கப் பொருக்கு இந்த மாதத்து மழையில் ஊறிப் புழு வைத்திருந்தது. அரிசிமணிபோல வெள்ளைப் புழுக்கள் உதிர்ந்து சேற்றில் நெளிந்தன. ஆ செங் வந்து பலகைகளைப் பார்த்துவிட்டு, தொழுவத்துக்கு ஆகும் என்று தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் ஒருவர்தான் அன்று சந்தோஷமாக இருந்தார்.

பிறகு கழுவினான். சேஸிஸ், குறுக்குச் சட்டங்கள், வளையங்கள், பக்கங்கள் எல்லாம். யாக்கூப் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணினான். மண் கரைத்த தண்ணீரை மருதப்பன் மேலோட்டமாக ஊற்றியபோது, “அந்த மூலையில படல” என்றான். மருதப்பன் லாரிக்கடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் சேறு சொட்டச் சொட்டத் தேய்த்தான். மங்களம் கிணற்றில் இறைத்து இறைத்துக் கொடுத்தாள். உள்ளங்கை பொத்துப்போயிற்று. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

வேலை முடிந்ததும் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வேணாம்மா” என்றான் யாக்கூப்.

“நோன்பா தம்பி?”

“இல்லம்மா.”

அவள் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். புளி போட்டுத் தேய்த்த தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். அவன் தயங்கி, வாங்கிக்கொண்டான்.

புது மெராந்திப் பலகை போட்டு, ஒரு வாரத்தில் வண்டி டன்லப் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் மங்களம் சாமான் வாங்கப் போனாள். சேக் தாவூதே நிறுத்துக் கொடுத்தார். எடையில் ஒரு குறையும் இல்லை. பேச்சிலும் மரியாதைக் குறைவில்லை. உள்ளே வா என்று மட்டும் கூப்பிடவில்லை. திரைக்குப் பின்னால் ஜைனபின் வளையல் சத்தம் கேட்டது. மங்களம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தீபாவளிக்கு மருதப்பனின் பட்டறைக் கூட்டாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் அழகப்பன் என்பவருக்குப் பழைய லாரி ஒன்றைப் பழுதுபார்த்து வாங்க வேண்டும் என்று எண்ணம். பேச்சு பெட்போர்டு லாரிக்குப் போயிற்று. மங்களம் தட்டில் வடையும் தேநீரும் எடுத்து வந்தபோது மருதப்பன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பலகையைக் கழட்டினேன், பார்த்தா பன்னி முடி. நமக்கென்னன்னு பெயிண்டு அடிச்சுக் கொடுத்திருக்கலாம். ஆனா மனசு கேக்கணுமில்ல? நேரா பாய்கிட்ட போயிட்டேன். பாய், இது இன்ன மாதிரி வண்டி, உங்களுக்கு ஆகாது, எல்லாப் பலகையும் மாத்தி ஏழு தண்ணி ஊத்திக் கழுவித்தான் கொடுப்பேன்னு சொல்லிட்டேன். பாய் அப்படியே கண் கலங்கிட்டாரு.”

“அதான் லா மனுஷத்தன்மை” என்றார் ஒருவர். அழகப்பன் மங்களத்தைப் பார்த்து, “கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி இருப்பா?” என்றார்.

மங்களம் மருதப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. தான் சொன்னதை அவன் நம்பிவிட்டிருந்தான். அந்தப் பலகைகளைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக நாறியது.

தட்டைக் கீழே வைத்தாள்.

“பலகையைத் திருப்பிப் போட்டு அடைச்சது இவரு. மறுபக்கம் பிடிச்சது நான். பாய்கிட்ட சொன்னதும் நான்தான், அதுவும் கடைசி நாள்ல. இவரு எதுவும் சொல்லல” என்றாள். குரல் உயரவில்லை.

ஒருவர் தேநீரை ஊதிக் குடிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். “யாரு சொன்னா என்ன லா, வீட்ல ஒருத்தர் சொன்னா சரிதான்” என்று சிரித்துப் பார்த்தார் அழகப்பன். கூடச் சிரிக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூவரும் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார்கள். லாரி விஷயத்தை அழகப்பன் பிறகு எடுக்கவே இல்லை.

மருதப்பன் ஏதாவது சொல்லுவான், திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்று மங்களம் நின்றாள். அவன் விருந்தாளிகள் மிச்சம் வைத்துப் போன வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்துக் கடித்தான்.

அவன் மெல்லுகிற சத்தம் கேட்காத தூரம் வரைக்கும் மங்களம் ரோட்டில் நடந்து போனாள்.